முன் சக்கரத்தின் அம்பு

பாடம் முடிந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அறுநூறு பேர் ஒரே நேரத்தில் தட்டும்போது அந்தப் பெரிய அரங்கில் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி இருக்கும். பேராசிரியர் டீக்மன் தலையை லேசாகக் குனிந்துவிட்டு, கரும்பலகையை ஈரத் துடைப்பானால் துடைத்துவிட்டுப் போவார்.

இம்கே ஹார்ம்ஸ் இரண்டு வருடமாக அப்படித் தட்டியிருக்கிறாள். முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மால்ட்டேயிடம் அவள் கேட்டாள்.

"உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"சுத்தமா இல்ல."

"அப்புறம் ஏன் இந்தத் தட்டு தட்டற?"

"புரியாதவன்தான் பலமா தட்டணும். இல்லன்னா தெரிஞ்சிடும்."

அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இருவரும் நண்பர்களானார்கள். ஆனால் அறுநூறு பேர் தட்டுகிறார்களே, இவர்களில் பாதிப் பேருக்காவது புரிந்திருக்கும், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்ற எண்ணம் அன்றே அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு அது எழுந்து போகவே இல்லை.

கடலோரத்தில் இருக்கும் அவள் ஊரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது, தெருவில் யாருடைய சைக்கிள் மக்கர் பண்ணினாலும் இம்கேயிடம்தான் வரும். கியர் கம்பி, பிரேக் கட்டை, கோணலான சக்கரம், எல்லாம் அவள் கையில் சரியாகிவிடும். "நீ இன்ஜினியரிங் படிக்கப் பிறந்தவ" என்று தெருவே சொன்னது. அவளும் நம்பி வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு திருப்புளியைக்கூடத் தொட்டதில்லை. பலகையில் சைக்கிள் இல்லை, கிரேன் இல்லை, பாலம் இல்லை. ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம், மேலே ஒரு அம்பு. அந்தக் கோடு ஒரு பாலத்தின் உத்தரமா, வீட்டுப் பலகையா, யாருக்கும் கவலையில்லை. அதற்குச் சமன்பாடு எழுதினால் போதும். எழுதினாள். குறி மாறியது. பிளஸ் மைனஸ் ஆனது. உத்தரம் ஆகாயத்தில் பறந்தது.

இயந்திரவியல் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். இம்கே மூன்று முறையும் எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, வாய்மொழித் தேர்வு. அரை மணி நேரம், ஒரு கரும்பலகை, எதிரே பேராசிரியர், பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள ஒரு உதவியாளர். அங்கே மதிப்பெண் தலைகீழாகப் போகும். ஒன்று வாங்கினால் ராஜா, ஐந்து வாங்கினால் வீடு. வாய்மொழித் தேர்வில் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் நாலுக்கு மேல் தரமாட்டார்கள். நாலு என்றால் கழுத்துக்குமேல் தண்ணீர், மூக்கு மட்டும் வெளியே. அது போதும். அதுவும் வராவிட்டால், அந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பைத் திரும்பத் தொடமுடியாது. கடிதத்தில் அதைக் கறுப்பு எழுத்தில் தனியாகப் போட்டிருந்தார்கள். தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணி. இன்னும் பன்னிரண்டு நாள்.

அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா ஊரில் பஸ் ஓட்டுகிறாள். ஷிஃப்ட் முடிந்து தேநீரில் கற்கண்டு போட்டிருப்பாள்; சூட்டில் அது கப்பில் வெடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

"பிடிக்கலன்னா விட்டுட்டு வாம்மா. ஒண்ணும் குடி முழுகிடாது. நம்ம ஸ்டேஷன் பக்கத்துல சைக்கிள் கடைக்காரர் ஆள் தேடிட்டு இருக்கார். உன்னைப் பத்திக் கேட்டார்."

"பிடிக்குதா பிடிக்கலையான்னே தெரியலம்மா."

"ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னுமா தெரியல?"

"அது என்னன்னு புரிஞ்சாத்தானே பிடிக்குதான்னு தெரியும். நானா விட்டுட்டு வர்றது வேற. இவங்க கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளறது வேற. வர்றதா இருந்தா நானா வரணும்."

அம்மா, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மால்ட்டே அவளை மாணவர் சங்க அறைக்குக் கூட்டிப்போனான். மால்ட்டே எல்லாத் தேர்வையும் பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்தே தாண்டியவன். அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை. சங்க அறையில் கிழிந்த சோஃபா ஒன்று, கழுவாத கோப்பைகள், காபி கருகின வாடை. அலமாரியில் ஒரு சாம்பல் நிறக் கோப்பு.

"இதுதான் நமக்கு வேதம்" என்று அதை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தான். "டீக்மன்கிட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போன ஒவ்வொருத்தரும் வெளிய வந்து, அவர் என்ன கேட்டார், நாம என்ன சொன்னோம், அவர் என்ன பண்ணினார்னு எழுதி வெச்சிருக்காங்க. ஒன்பது வருஷம். நாற்பத்தியொரு தாள். படிச்சவங்க எழுதி வெச்சுட்டுப் போகணும், அதுதான் சட்டம்."

"டீக்மனுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன? மனுஷன் கேள்வியை மாத்தறதே இல்ல. சோம்பேறி. கும்பிட்டுக்கோ."

அவர்கள் ஊரில் வீடு மாறும்போது விளக்குப் பல்பைக்கூடக் கழற்றி எடுத்துப்போவார்கள். ஆனால் தேர்வில் கேட்ட கேள்வியை மட்டும் பின்னால் வருகிறவனுக்காக விட்டுவிட்டுப் போவார்கள். இம்கே தாள்களை எண்ணி, படம் எடுத்து, வீட்டுச் சுவரில் ஒட்டினாள். படித்தாள். ஒப்பித்தாள். பல் தேய்க்கும்போதும் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் ஒப்பித்தாள்.

சைக்கிள் கேள்வி பத்தொன்பது தாள்களில் இருந்தது. "ஒருவர் சைக்கிளை மிதித்து வேகம் எடுக்கிறார். சாலை ஒவ்வொரு சக்கரத்தையும் எந்தப் பக்கம் தள்ளுகிறது? அம்பு போடவும்." பத்தொன்பது தாள்களிலும் ஒரே பதில். உராய்வு ஓட்டத்துக்கு எதிரானது, ஆகவே இரண்டு அம்பும் பின்பக்கம். கீழே, வேறு வேறு கையெழுத்தில், ஒரே வரி: "தலையாட்டினார். அடுத்த கேள்விக்குப் போனார்."

இம்கே அதையும் ஒப்பித்தாள். இரண்டு அம்பும் பின்பக்கம், இரண்டு அம்பும் பின்பக்கம்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது பனி பெய்தது. பனி பெய்தாலும் அந்த ஊரில் சைக்கிள் நிற்காது. திங்கள் காலை, மால்ட்டேயிடம் ஒப்பித்துக் காட்டுவதற்காக இம்கே கிளம்பினாள். பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. அவளுக்குப் பின்னால் ஏழெட்டு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பச்சை விழுந்தது. அவசரத்தில் மிதியை ஓங்கி மிதித்தாள். பின் சக்கரம் இடம் பிடிக்காமல் சுழன்றது. சேறும் பனியும் கலந்து பின்னால் பீய்ச்சியடித்தது.

"ஏய்! ஏய்! கண்ணு தெரியலையா?"

திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு பெண்மணி. வெளிர் நிறப் பேன்ட். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சேறு.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க, வேணும்னு பண்ணல..."

"வேணும்னு பண்ணினியான்னா கேட்டேன்? ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு எனக்கு. இந்த லட்சணத்துல போய் நிக்கணுமா?"

"பனியை நான் பின்னாலயா தள்ளினேன்?"

"பின்ன, முன்னாலயா தள்ளின? என் பேன்ட்டைப் பாரு!"

இம்கே பேன்ட்டைப் பார்க்கவில்லை. கீழே, தன் பின் சக்கரம் பனியில் சுரண்டி வைத்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள். சக்கரம் பனியைப் பின்னால் தள்ளியிருக்கிறது. பனி இல்லாவிட்டால் அது சாலையைப் பின்னால் தள்ளும். சாலை நகராது. அப்படியானால் சாலை சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளும்?

முன்னால்.

முன்னால் தள்ளத்தான் வேண்டும். இல்லையென்றால் சைக்கிள் எதைப் பிடித்துக்கொண்டு முன்னே போகும்?

"ரொம்ப நன்றிங்க" என்றாள்.

"நன்றியா? கிறுக்குப் பொண்ணு!"

பின்னால் மணிகள் கிணுகிணுத்தன. "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று யாரோ கத்தினார்கள். இம்கே சைக்கிளை நடைபாதைமேல் ஏற்றினாள். கைப்பிடியைத் தூக்கி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நாலடி தள்ளிப் பார்த்தாள். முன் சக்கரம் சுற்றவில்லை. சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. கீழே வைத்துத் தள்ளினாள். சுற்றியது. சரி, இதை யார் சுற்றுகிறார்கள்? சங்கிலி பின் சக்கரத்தில்தான். மிதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாலைதான் சுற்றுகிறது. சக்கரத்தின் அடிப்பாகத்தைப் போகவிடாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் மேல்பாகம் முன்னே உருள்கிறது. அப்படியானால் முன் சக்கரத்து அம்பு பின்பக்கம். பின் சக்கரத்து அம்பு முன்பக்கம்.

மறுபடி தூக்கினாள், மறுபடி வைத்தாள். நாய் கூட்டிப்போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார். நாயும் பார்த்தது. இம்கேவுக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கத்தால் அல்ல. பதினான்கு வயதில் முதல்முறையாகக் கியர்பெட்டியைப் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது வந்த அதே சூடு. இரண்டு வருடமாக அது எங்கே போயிருந்தது என்றே தெரியவில்லை.

மால்ட்டேயின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"பத்தொன்பது பேரும் தப்பா?"

"ஆமா."

"நீ ஒருத்தி மட்டும் சரி. மூணு தடவை ஃபெயிலான நீ."

"சக்கரம் சரி. நான் பார்த்தேன்."

"தாயே, இம்கே, கேளு. அவர் தலையாட்டினார்னு எழுதியிருக்கு. பத்தொன்பது தடவை ஆட்டியிருக்கார். அவர் தலை ஆட்டுற பதிலை நீ சொல்லு. பாஸாகு. அப்புறம் சாவகாசமா உண்மையைத் தேடு."

"அந்தப் பத்தொன்பது பேர்ல எத்தனை பேர் பாஸ்?"

மால்ட்டே அவள் போனை வாங்கி, தாள்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதை யாருமே எழுதவில்லை. தலையாட்டினார் என்று எழுதினார்களே தவிர, முடிவில் என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை.

"தெரியல" என்றான். பிறகு, "அந்தம்மா பேன்ட்டை நம்பி உன் படிப்பைப் பணயம் வெக்கப் போறியா?" என்றான்.

"உன் படிப்பை நீ எதை நம்பி வெச்சிருக்கே?"

மால்ட்டே ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்று நாளும் அவள் சுவரில் இருந்த தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருவேளை நான்தான் தப்போ? ஒன்பது வருடம், பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரும் தேர்வுக்குச் சைக்கிளில்தான் வந்திருப்பார்கள். வெளியே பூட்டிவிட்டு உள்ளே வந்து, அதைப் பற்றியே கேட்டபோது, பூட்டின சைக்கிள் ஞாபகத்துக்கு வராமல் ஒரு தாள்தான் வந்திருக்கிறது. அவளுக்கும் அப்படித்தானே வந்திருக்கும், பனி மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால்?

வியாழக்கிழமை பத்து மணி. டீக்மன் கை கொடுத்தார். பெரிய கை, சுண்ணக்கட்டித் தூள். உதவியாளர் லூட்கே ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் கேள்வி உத்தரத்தைப் பற்றி. இம்கே கோடு போட்டாள், முக்கோணம் போட்டாள், குறியை மாற்றிப் போட்டாள். திருத்தினாள். திருத்தினதைத் திரும்பத் திருத்தினாள். டீக்மன் தலையாட்டினார். தப்பாக எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிகிறது. அதற்கும் தலையாட்டுகிறாரே!

"சரி, மிஸ் ஹார்ம்ஸ். ஒருத்தர் சைக்கிளை மிதிச்சு வேகம் எடுக்கறார்..."

அவர் கேள்வியை முடிப்பதற்குள் அவள் இரண்டு வட்டம் வரைந்துவிட்டாள். பின் சக்கரத்துக்குக் கீழே அம்பு போட வேண்டும். சுண்ணக்கட்டி பலகையில் தொட்டபடி நின்றது. பின்பக்கம் போட்டால் பத்தொன்பது பேர் துணை. முன்பக்கம் போட்டால் ஒருவருமில்லை. ஒரு வெளிர் நிறப் பேன்ட் மட்டும்தான்.

முன்பக்கம் போட்டாள்.

லூட்கேயின் பேனா நின்றது. டீக்மன் தலையாட்டவில்லை.

"ஏன்?"

நாற்பத்தியொரு தாளிலும் அந்த "ஏன்" இல்லை. இம்கே சொன்னாள். பனியைச் சொன்னாள், பள்ளத்தைச் சொன்னாள், பேன்ட்டைக்கூடச் சொல்லிவிட்டாள். லூட்கே வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"முன் சக்கரம்?"

"பின்பக்கம். ஆனா சின்ன அம்பு. சக்கரத்தைச் சுத்தற அளவுக்குப் போதும். பின் சக்கரத்து அம்புதான் ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளணும், அது பெரிசு."

"சரி. இப்ப அவர் மிதிக்கல. இறங்கி, கையால தள்ளிக்கிட்டு ஓடறார். இப்ப?"

இதுவும் எந்தத் தாளிலும் இல்லை. இம்கே பலகையையே பார்த்தாள். அரங்கில் இரண்டு வருடமாகச் சொல்ல வாய் வராத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"எனக்குத் தெரியல." மூச்சு விட்டாள். "ஆனா கண்டுபிடிக்கலாம். கொஞ்சம் இருங்க. மிதிக்கலன்னா சங்கிலி இழுக்கல. சங்கிலி இழுக்கலன்னா பின் சக்கரமும் சும்மா வர்ற சக்கரம்தான். அதையும் சாலைதான் சுத்தணும். அப்ப அதுவும் முன் சக்கரம் மாதிரிதான்." முன்பக்கம் போட்ட பெரிய அம்பைக் கையாலேயே அழித்தாள். "ரெண்டும் பின்பக்கம். ரெண்டும் சின்னது."

"அப்ப முன்னால தள்ளறது யாரு?"

"ஓடற ஆளு. அவர் ஷூவைச் சாலை தள்ளுது."

டீக்மன் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு விஷயம் சொல்லுங்க. ஒன்பது வருஷமா இந்தக் கேள்வி கேக்கறேன். மிதிக்கிற சைக்கிளுக்கு எல்லாரும் ரெண்டு அம்பும் பின்பக்கம்னு சொல்றாங்க. ஒரே வார்த்தை, அட்சரம் மாறாம. நானே பாடத்துல தப்பா சொல்லிட்டேனோன்னு என் குறிப்பை ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். இது எங்கேருந்துதான் வருது?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம். பிறகு, மூன்று தடவை விழுந்தவளுக்கு இனி என்ன பயம் என்று தோன்றியது.

"நீங்க தலையாட்டறீங்க. அதை எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்க."

"தலையாட்டறேனா?"

"தப்புக்கும் ஆட்டறீங்க, சரிக்கும் ஆட்டறீங்க. இப்பக்கூட உத்தரத்துக்கு ஆட்டினீங்க."

"ஆட்டறீங்க" என்றார் லூட்கே, பேனாவிலிருந்து தலை நிமிராமல்.

டீக்மன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பையனும் பொண்ணும் நடுங்கிக்கிட்டு நிக்கறாங்களேன்னு, 'கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லு'ன்னு ஒரு தைரியத்துக்கு ஆட்டறது."

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். நடைவழியில் ஐந்து நிமிடம். ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் பனி உருகிச் சொட்டியது. நூறு இருநூறு முன் சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் மனதுக்குள் சின்னதாக ஒரு அம்பு போட்டாள். உள்ளே என்ன முடிவு செய்தாலும் இது எனக்குப் பிடிக்கிறது என்று அப்போது தெரிந்தது. அது தெரிந்ததும் பயம் குறையவில்லை, கூடியது. இப்போதுதானே இழக்க ஒன்று இருக்கிறது.

கதவு திறந்தது.

"உத்தரம் மோசம், மிஸ் ஹார்ம்ஸ். ரொம்ப மோசம். அதை உக்காந்து படிங்க." டீக்மன் தலையாட்டாமலே சொன்னார். "நாலு."

அம்மாவுக்கு ஒரே ஒரு எண்ணை அனுப்பினாள். அம்மா பஸ்ஸை நிறுத்தத்தில் போட்டுவிட்டு உடனே கூப்பிட்டாள். "அப்ப கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா?"

"லீவுக்கு வர்றேன்னு சொல்லும்மா. ரெண்டு மாசம். கை துருப்பிடிச்சுப் போச்சு."

பின்னால் பஸ்ஸில் யாரோ "போலாமா, தாயி?" என்று கேட்டார்கள். "என் பொண்ணு பாஸாயிட்டா, பொறுங்க" என்றாள் அம்மா.

சங்க அறையில் மால்ட்டே காபி வைத்திருந்தான். சாம்பல் கோப்பைத் திறந்து, அவள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டான். "எழுது. சட்டம்."

இம்கே எழுதினாள். கேள்வியை எழுதினாள். "ஏன் என்று கேட்பார்" என்று எழுதினாள். "தலையாட்டினால் நம்பாதே, அது சும்மா" என்று எழுதினாள். "எனக்கு நாலு" என்றும் எழுதினாள். பிறகு பழைய பத்தொன்பது தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு வரி போட்டாள்: "போய் முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்." அதற்கே அரை மணி ஆயிற்று.

மால்ட்டே அவள் தாளை வாங்கிப் படித்தான். திருப்பிப் பார்த்தான்.

"பதில் எங்க?"

"கீழ நிக்குது. பூட்டல."

"விளையாடாதே. நாளைக்கு வர்றவன் என்ன பண்ணுவான்?"

"படி இறங்குவான்."

முணுமுணுத்துக்கொண்டே போனான். இம்கே ஜன்னலருகே போய் நின்றாள். கீழே, உருகின பனியில், மேல்கோட்டுகூடப் போடாமல், மால்ட்டே அவள் சைக்கிளின் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளினான். நின்றான். கீழே வைத்தான், தள்ளினான். திரும்பத் தூக்கினான். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று, என்ன பண்ணுகிறாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். அவர்களில் ஒருத்தி தன் சைக்கிளை எடுத்துவரத் திரும்பினாள்.